மாவுப் பெட்டியில் ஒரு முகம்

1889-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையில் செயின்ட் ஜோசஃப் என்றொரு ஊர். அங்கே இரண்டு பேர் ஒரு மாவு மில்லை வாங்கிவிட்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ் ரட் பத்திரிகைக்காரர். சார்லஸ் அண்டர்வுட் மில் தொழில் தெரிந்தவர். மில்லின் பெயர் பேர்ல் மில்லிங் கம்பெனி. அந்த வட்டாரத்தில் மில்லுக்குப் பஞ்சமில்லை. அரைத்த மாவு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. மாவை வெறும் மாவாக விற்றால் கட்டுப்படியாகாது என்ற நிலைமை.

அங்கே காலைப் பலகாரம் பான்கேக். நம் கரைத்த மாவு தோசைக்குத் தூரத்து உறவு. ஆனால் மாவு பதமாக அமைய வேண்டும். ஒரு நாள் பஞ்சு மாதிரி வரும், மறுநாள் வரட்டி மாதிரி வரும். ரட்டும் அண்டர்வுட்டும் பல விதமாகக் கலந்து பார்த்து ஒரு சேர்மானத்தைப் பிடித்தார்கள்: கோதுமை மாவு, மக்காச்சோள மாவு, உப்பு, சமையல் சோடா, கூடவே கால்சியம் பாஸ்பேட். இந்தப் பாஸ்பேட் புளிப்புக் குணம் உள்ளது. பொடியாக இருக்கும்வரை அதுவும் சோடாவும் சும்மா கிடக்கும். பால் ஊற்றிக் கரைத்ததும் இரண்டும் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும். மாவு நுரைத்து உப்பும். நம் வீட்டு இட்லி மாவு ஒரு ராத்திரி முழுக்கப் புளித்துச் செய்யும் வேலை, அங்கே சில நிமிஷத்தில் முடிந்தது. இன்று மளிகைக் கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் இன்ஸ்டன்ட் மிக்ஸ்களின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

காகிதப் பையில் போட்டு, தானாக உப்பும் பான்கேக் மாவு என்று எழுதி விற்றார்கள். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பையைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ஊருக்கு ஒரு மின்ஸ்ட்ரல் நாடகக் குழு வந்தது. வெள்ளைக்காரர்கள் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பர்களைப் போல ஆடிப் பாடிச் சிரிக்க வைக்கும் கூத்துதான் மின்ஸ்ட்ரல். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதைப் போலக் கூட்டம் சேர்த்த கேளிக்கை வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். அன்று மேடையில் ஒருவர் முகத்தில் கரியும், இடுப்பில் ஏப்ரனும், தலையில் சிவப்புத் துணிக் கட்டுமாக, தெற்கத்திச் சமையல்காரி வேஷத்தில் வந்தார். பாட்டின் பெயர் 'ஓல்ட் ஆன்ட் ஜெமைமா'. கைதட்டல் அடங்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ரட்டுக்கு, தேடிக்கொண்டிருந்த பெயர் கிடைத்துவிட்டது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1870-களில் அதைப் பிரபலமாக்கியவர் பில்லி கெர்சாண்ட்ஸ், ஒரு கறுப்பினக் கலைஞர். அவர் பாடிய வடிவம் ஒன்றில் அடிமைகளின் பழைய மனக்குறை ஒன்று பொதிந்திருக்கிறது: விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் காலத்தைக் கடத்திய எஜமானியைப் பற்றிய குறை. சிரிக்க வந்த கூட்டத்துக்கு அது கேட்டிருக்காது. ரட்டுக்கும் கேட்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டது பெயரையும் தலைக்கட்டையும் சிரிப்பையும் மட்டும்.

ஆக, பிற்பாடு மாவுப் பெட்டியில் இடம்பிடித்த அந்தப் பெண் எந்தச் சமையலறையிலும் பிறக்கவில்லை. கரி பூசிய ஒரு ஆண் நடிகரின் வேஷத்திலிருந்து பிறந்தாள். மாவின் செய்முறை மில்லுக்குள் இரண்டு வெள்ளைக்காரர்கள் கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 24 வருஷம் ஆகியிருந்தது. ஒழிந்த அந்த உலகத்தின் ஒரு வேலைக்காரியை, மாவு விற்பதற்காகத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

'ஆன்ட்' என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். கேட்டால் பாசமான சொல் போலத் தோன்றும். ஆனால் அமெரிக்கத் தெற்கில் வெள்ளைக்காரர்கள் வயதான கறுப்பினப் பெண்ணை மிசஸ் என்றோ, ஆணை மிஸ்டர் என்றோ சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதை தங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்தார்கள். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் நாக்கு கூசும். அதனால் பெண்ணுக்கு 'ஆன்ட்', ஆணுக்கு 'அங்கிள்'. உறவும் இல்லை, மரியாதையும் இல்லை. மரியாதை கொடுக்காமல் தப்பிப்பதற்கு ஒரு உறவுச் சொல்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஆயா என்றால் பாட்டி. சத்துணவுக் கூடத்தில் சமைப்பவரும் ஆயா, ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவரும் ஆயா. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் எனக்குச் சோறு போட்ட ஆயாவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. டீச்சர்கள் அத்தனை பேரின் பெயரும் தெரியும். அன்பாகத்தான் கூப்பிட்டோம். அந்த அன்பு அவருடைய பெயரைக் கேட்கும் அளவுக்குப் போகவில்லை.

செயின்ட் ஜோசஃபுக்குத் திரும்புவோம். பெயர் கிடைத்தும் ரட், அண்டர்வுட் இருவருக்கும் காசு புரளவில்லை. 1890-ல் அதே ஊரின் பெரிய மில்காரரான ஆர்.டி. டேவிஸிடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். டேவிஸ் வியாபாரி. மாவில் பால் பவுடரைச் சேர்த்தார். இனி தண்ணீர் ஊற்றினாலே போதும். அடுத்து அவர் செய்ததுதான் வரலாற்றில் தங்கிவிட்டது. பெட்டியில் இருக்கும் பெண்ணை உயிரோடு கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆளைத் தேடினார்.

கிடைத்தவர் நான்சி கிரீன். 1834-ல் கென்டக்கி மாகாணத்தின் மான்ட்கமரி கவுன்டியில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு சிகாகோவில் வாக்கர் என்ற குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆலிவெட் பாப்டிஸ்ட் சபையில் உறுப்பினர். வேலைக்கு எடுக்கும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நன்றாகக் கதை சொல்லுவார், சமையலில் கை தேர்ந்தவர் என்று சொல்கிறார்கள்.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. கொலம்பஸ் அமெரிக்கா வந்து 400 வருஷம் ஆனதைக் கொண்டாட எடுத்த விழா. சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அங்கே டேவிஸ் கம்பெனி ஒரு ராட்சச மாவுப் பீப்பாயைக் கட்டி நிறுத்தியது. உயரம் 24 அடி என்று கம்பெனியின் கதை சொல்கிறது. அதன் அருகே நான்சி கிரீன் தலைக்கட்டும் ஏப்ரனுமாக நின்று, கல்லில் பான்கேக் வார்த்தார். பாடினார், தோட்டத்து அடிமை நாட்களின் கதைகளைச் சொன்னார். 'ஊருக்கு வந்துட்டேன், கண்ணு' என்ற பொருளில், கொச்சை ஆங்கிலத்தில் எழுதிய பட்டன்களை ஜனங்கள் சட்டையில் குத்திக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கில் பான்கேக் வார்த்தார், பதக்கம் வாங்கினார், ஆயுள் முழுதுக்கும் ஒப்பந்தம் போட்டார் என்றெல்லாம் கம்பெனி பிற்பாடு சொல்லிவந்தது. ஆயுள் ஒப்பந்தத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. முதிய வயதில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்கூட அவர் வீட்டு வேலை செய்பவராகத்தான் பதிவாகியிருக்கிறார்.

அதே கண்காட்சி மைதானத்தில் வேறொன்றும் நடந்தது. அதை இந்தக் கதையிலிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் முப்பது வருஷத்தில் சாதித்ததைக் காட்ட அங்கே இடம் கொடுக்கவில்லை. ஃப்ரெடெரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவராக உயர்ந்தவர். அவருக்கே தன் சொந்த நாட்டின் சார்பில் இடம் இல்லை. ஹெய்ட்டி நாட்டு அரங்கத்தின் பிரதிநிதியாகத்தான் உள்ளே வர முடிந்தது. ஐடா பி. வெல்ஸ் என்ற இளம் பத்திரிகையாளரும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, கறுப்பு அமெரிக்கர் ஏன் இந்தக் கண்காட்சியில் இல்லை என்று விளக்கும் ஒரு சிறு நூலை அச்சடித்தார்கள். வெல்ஸ் ஹெய்ட்டி அரங்கத்தில் இருந்துகொண்டு வருகிறவர்களுக்கு அதை விநியோகித்தார்.

டக்ளஸ் தன் சுயசரிதையில், மேரிலாந்துத் தோட்டத்தில் அடிமைகளுக்குக் கொடுத்த படியைக் கணக்காக எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒரு மாதத்துக்கு 8 பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடாக மீன், ஒரு புஷெல் மக்காச்சோள மாவு. அவ்வளவுதான். அந்த மாவைத் தின்று வளர்ந்தவர் ஒரு பக்கம் நீதி கேட்டுப் பேசுகிறார். இன்னொரு பக்கம், அதே அடிமை வாழ்வை ஆடலும் பாடலும் பான்கேக்குமாக இனித்த காலம் என்று சொல்லி மாவு விற்கிறார்கள். கூட்டம் எந்தப் பக்கம் அதிகமாக நின்றது என்பதைக் கடைச் சரக்கு போன போக்கே சொல்லிவிட்டது.

இலங்கைக்கும் அந்தக் கண்காட்சியில் அழகான மரவேலைப்பாட்டோடு ஒரு அரங்கம் இருந்தது. அங்கே வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துச் சிலோன் தேயிலைக்குச் சந்தை பிடித்தார்கள் தோட்டக்காரர்கள். அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப் போன நம் ஜனங்கள். தாமஸ் லிப்டன் 1890-ல்தான் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியிருந்தார். அவருடைய கம்பெனியின் பழைய விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அட்டைக் கடியும் இல்லை, குளிரும் இல்லை, வரிசைக் கொட்டடியான லயத்து அறையும் இல்லை. அவளுக்கு ஆன்ட் என்றுகூட ஒரு பெயர் வைக்கவில்லை.

1895 வாக்கில் டேவிஸ் கம்பெனி பெட்டியோடு காகிதப் பொம்மைகள் கொடுத்தது. குழந்தைகள் கத்தரித்து எடுத்து விளையாட. ஜெமைமாவும் அவள் குடும்பமும். பொம்மைகளின் உடம்பில் கிழிசல் துணி, காலில் செருப்பில்லை. அவற்றின்மேல் மாட்டிவிடத் தனியாகப் பகட்டான உடுப்புகள். கிழிசலுக்குக் கீழே, செய்முறையை விற்பதற்கு முன்பு என்று எழுதியிருக்கும். பட்டு உடுப்புக்கு, விற்ற பிறகு. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஓரம் பார்த்து வெட்டி, அந்தக் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பமாக்கி விளையாடுகிறது. அந்தச் செய்முறையை விற்ற கறுப்பினப் பெண் உலகத்தில் இருந்ததே இல்லை. அவளாக நின்று நடித்த பெண்ணுக்கோ, எழுபது வயதுக்கு மேலும் பிறர் வீட்டு வேலை. பிற்பாடு துணிப் பொம்மைகளும் வந்தன. பெட்டியிலிருந்து வெட்டிய கூப்பனோடு சில காசுகளை அனுப்பினால் தபாலில் வரும். ஜெமைமாவுக்குப் புருஷன் அங்கிள் மோஸ், இரண்டு பிள்ளைகள். நிஜத்தில் அடிமைக் குடும்பங்களை ஏலத்தில் பிரித்துப் பிரித்து விற்றார்கள். பொம்மையில் மட்டும் குடும்பம் கலையாமல் இருந்தது.

பத்திரிகை விளம்பரங்களில் இந்தக் கதையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் வெப் யங். ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் இருந்தவர், பிறப்பால் கென்டக்கிக்காரர். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், என்.சி. வையத் என்ற பெயர்பெற்ற ஓவியரைக் கொண்டு முழுப் பக்க வண்ண ஓவியங்கள் வரைய வைத்தார். அந்த விளம்பரங்களில் மிசிசிப்பிக் கரையில் கர்னல் ஹிக்பீ என்ற கற்பனை எஜமானருக்குத் தோட்டமும் மாளிகையும் உண்டு. வெள்ளைத் தூண்கள், நீராவிப் படகில் வந்திறங்கும் கனவான்கள், குடிசை வாசலில் ஆவி பறக்கும் தட்டோடு ஜெமைமா. செய்முறையை யாருக்கும் சொல்லாமல் காத்து, கடைசியில் வடக்கிலிருந்து வந்த மில்காரர்களுக்குப் பொன்னுக்கு விற்றாளாம். அந்தப் படங்களில் எங்கேயும் சாட்டை கிடையாது.

பெருத்த உடம்பு, முதுமை, மாறாத சிரிப்பு, எஜமானர் வீட்டுக்காகவே வாழும் விசுவாசம் கொண்ட இந்த உருவத்துக்கு அமெரிக்காவில் 'மாமி' என்று பெயர். நம் ஊர் மாமி இல்லை. அந்த ஊர்க் குழந்தைப் பேச்சில் அம்மா என்பதன் திரிபு. வரலாற்றாசிரியர்கள் பழைய கணக்குப் புத்தகங்களையும் அடிமைகளின் வாக்குமூலங்களையும் புரட்டிப் பார்த்துச் சொல்வது வேறு. எஜமானர் வீட்டுக்குள் வேலை செய்தவர்களில் பலர் சின்னஞ்சிறு பெண்கள். அரை வயிற்றுச் சாப்பாட்டில் மெலிந்தவர்கள். எஜமானர்களின் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள். அந்தப் பெண்களின் இடத்தில் குண்டான, வயதான, எந்த ஆணும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பாட்டியை உட்கார வைத்துவிட்டால், வீட்டுக்குள் நடந்தது எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். மாமி உருவத்தின் வேலையே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விளம்பரம் பலித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நடுத்தர வர்க்க வெள்ளைக்கார வீடுகளில் வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்துவந்த காலம் அது. இல்லத்தரசி தானே அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டியை வாங்கினால் சமையல்காரியையும் சேர்த்து வாங்கிய மாதிரி. சம்பளம் கேட்க மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். எம்.எம். மாரிங் என்ற வரலாற்றாசிரியர் 1998-ல் இந்த விளம்பரத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு, பெட்டிக்குள் ஓர் அடிமை என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

கறுப்பின மக்கள் இதையெல்லாம் ரசித்தார்களா? 1930-களின் தொடக்கத்தில் பால் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் தெற்கத்தி நகரங்களில் கறுப்பின வாடிக்கையாளர்களிடம் விளம்பரப் படங்களைக் காட்டிக் கேட்டபோது, தலைக்கட்டுக் கட்டிய ஜெமைமாவைப் பார்த்துப் பலர் முகம் திருப்பினார்கள். அடிமைக் காலத்தை நினைவூட்டுகிறது என்றார்கள். கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. வாங்குகிறவர்கள் என்று அவர்கள் கணக்கில் வைத்திருந்தது வேறு ஆட்களை.

உணவு விற்க இப்படி இரவல் வாங்கிய முகம் இது ஒன்றுதானா என்றால், இல்லை. சிகாகோ கண்காட்சி நடந்த அதே 1893-ல் வடக்கு டகோட்டாவில் ஒரு மில் 'க்ரீம் ஆஃப் வீட்' என்ற கோதுமைக் கஞ்சி மாவை விற்க ஆரம்பித்தது. அதன் பெட்டியில் ராஸ்டஸ் என்ற கறுப்பினச் சமையல்காரர் சிரித்தார். ஒரு விளம்பரத்தில் அவர் கையில் பலகை கொடுத்து, பிழையும் கொச்சையுமாக எழுத வைத்து, அவருக்கு எழுத்தறிவு இல்லை என்று காட்டினார்கள். அந்த முகம் சிகாகோ உணவு விடுதி ஒன்றில் வேலை செய்த ஃபிராங்க் வைட் என்பவருடையது என்று நம்பப்படுகிறது. 1938-ல் மிச்சிகனில் இறந்த அவருடைய கல்லறையில் 2007 வரை பெயர்க் கல் இல்லை.

1940-களில் 'அங்கிள் பென்ஸ்' அரிசி வந்தது. நெல்லை நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, தவிட்டில் உள்ள வைட்டமினை அரிசிக்குள் இறக்கி, உலர்த்தி, பிறகு குத்துவது அதன் தொழில்நுட்பம். சுருக்கமாகச் சொன்னால் புழுங்கல் அரிசி. அண்டாவில் நெல்லை அவித்துக் களத்தில் காயப்போட்டுக் கால் வைத்துக் கிளறிய நம் வீட்டுப் பெண்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி, டெக்சாஸில் ஆலை வைத்து, போர்க்காலத்தில் ராணுவத்துக்கு அனுப்பி, போர் முடிந்ததும் கடைக்குக் கொண்டுவந்தபோது, பெட்டியில் ஒட்ட மறுபடியும் ஒரு கறுப்பின முகமும் ஒரு உறவுச் சொல்லும் தேவைப்பட்டன. சிகாகோ உணவகம் ஒன்றில் தலைமைப் பரிசாரகராக இருந்த ஃபிராங்க் பிரவுன் போஸ் கொடுத்தார்.

நான்சி கிரீன் 1923-ல் இறந்தார். சிகாகோவில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தவர் மேல் கார் பாய்ந்தது. வயது 89. ஓக் வுட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், கல் நாட்டவில்லை. அதே 1923-ல் அமெரிக்க செனட் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தெற்கின் விசுவாசமுள்ள அடிமை மாமிகளின் நினைவாகத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு சிலை வைக்க, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட தெற்கத்திப் படைவீரர் வாரிசுப் பெண்களின் சங்கத்துக்கு அனுமதி அளிக்கும் தீர்மானம். கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. கீழவையில் அது நிறைவேறாமல் போனதால் சிலை வரவில்லை. இல்லாத மாமிக்கு வெண்கலமோ பளிங்கோ வைக்கத் துடித்த ஊரில், மாமியாக நடிக்க வைக்கப்பட்ட மனுஷியின் தலைமாட்டில் ஒரு கல் இல்லை.

கம்பெனி 1920-களின் நடுவில் குவாக்கர் ஓட்ஸ் கைக்குப் போனது. அந்த வேஷத்தை அடுத்தடுத்துப் பல பெண்கள் போட்டார்கள். அன்னா ராபின்சன் 1933-ல் சிகாகோவின் இரண்டாவது உலகக் கண்காட்சியில் நின்றார். லில்லியன் ரிச்சர்ட் டெக்சாஸ் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பான்கேக் வார்த்துக் காட்டினார். ஐலீன் லூயிஸ், டிஸ்னிலாண்டில் 1955-ல் திறந்த ஆன்ட் ஜெமைமா உணவகத்தில் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டார். இவர்களை நான் ஏளனமாக நினைக்கவில்லை. பிறர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைத் தவிர வேறு வேலைக்கு வழியில்லாத காலத்தில், ஊர் பார்க்கவும் நாலு காசு சேர்க்கவும் கிடைத்த வாய்ப்பு அது. தங்கள் குடும்பத்தைத் தாங்கினார்கள். வேஷத்துக்குள் இருந்த ஆளை அடையாளம் தெரிந்தவர்கள் அவரவர் சொந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

1968-ல் தலைக்கட்டைச் சின்னதாக்கினார்கள், உடம்பை மெலிய வைத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருஷம் அது. 1989-ல் தலைத்துணியை எடுத்துவிட்டு, முத்துத் தோடும் லேஸ் காலரும் போட்டார்கள். அலுவலகம் போகும் பெண்மணி போல ஆகிவிட்டாள். பெயர் மட்டும் அதே பெயர்.

இடையில் 1972-ல் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கலைஞர் பெட்யெ ஸார் ஒரு வேலை செய்தார். பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் மாமி உருவம் ஒன்றை எடுத்தார். குறிப்புச் சீட்டு செருகி வைக்கும் சாமான் அது. கையில் ஏற்கெனவே துடைப்பம். மறு கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார். காலடியில் பஞ்சு. பின்னால் சுவர் முழுக்க, பான்கேக் பெட்டியிலிருந்து எடுத்த அதே சிரித்த முகம் வரிசை வரிசையாக. ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் அடங்கும் படைப்பு. 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை' என்று பெயர் வைத்தார். பெட்டிக்குள் அடைத்தவளைப் பெட்டிக்குள்ளேயே எழுந்து நிற்க வைத்துவிட்டார். இந்தக் கதையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்த இடம் அதுதான்.

கம்பெனிக்கு உறைக்க இன்னும் 48 வருஷம் ஆனது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர் விட்டார். நாடெங்கும் தெருக்கள் நிரம்பின. ஜூன் 17 அன்று, பெப்சிகோவின் கையில் இருந்த குவாக்கர், ஆன்ட் ஜெமைமாவின் பெயரையும் படத்தையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அங்கிள் பென்ஸும் அதே வழியில் போனது. வேஷம் போட்ட பெண்களின் குடும்பத்தார் சிலர் இதை எதிர்த்தார்கள்; எங்கள் பாட்டியின் உழைப்பையும் சேர்த்து அழிக்கிறீர்களே என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பெட்டியின் படத்தை மாற்றுவது பதிலாகாது. 2021 பிப்ரவரியில் புதுப் பெயர் வந்தது: பேர்ல் மில்லிங் கம்பெனி. 130 வருஷம் கழித்து, மில்லுக்கு அதன் பழைய பெயர் கிடைத்துவிட்டது.

நான்சி கிரீனுக்கு அவர் பெயர் கிடைத்தது வேறு வழியில். சிகாகோவின் ப்ரான்ஸ்வில் வரலாற்றுச் சங்கத் தலைவர் ஷெர்ரி வில்லியம்ஸ் பல வருஷமாக அந்தக் கல்லறையைத் தேடினார். ஓக் வுட்ஸில் இடம் தெரிந்தது, ஆனால் கல் நாட்ட ரத்த உறவின் சம்மதம் வேண்டும். விடாமல் தேடி உறவினரையும் கண்டுபிடித்தார். 2020 செப்டம்பர் 5 அன்று கல் நாட்டினார்கள். இறந்து 97 வருஷம் கழித்து.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் உள்நாட்டுப் போரின்போது சிகாகோச் சிறை முகாமில் இறந்த தெற்கத்திப் படைவீரர்களின் பெரிய புதைமேடு ஒன்று இருக்கிறது. அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட படை அது. அங்கே 1895-ல் நினைவுத் தூண் எழுப்பி, பிறகு 4,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரை வெண்கலத் தகடுகளில் பொறித்து வைத்தார்கள். தோட்டத்தின் இன்னோரிடத்தில் ஐடா பி. வெல்ஸின் கல்லறை. 1893 கோடையில் ஒரே மைதானத்தில், ஒருவர் பீப்பாயின் பக்கத்தில் பான்கேக் வார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் ஹெய்ட்டி அரங்கத்தில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பேருக்கும் அங்கே பெயர் எழுதிய கல் இருக்கிறது.